நிறுவலாம், குடியிருக்க முடியுமா?

ரீமிக்ஸ் ஓஎஸ்ஸைப் பழைய மேசைக் கணினி ஒன்றில் ஏற்றி முடிக்க எனக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதிலும் பாதி, பென்டிரைவில் எழுதி முடியட்டும் என்று காத்திருந்த நேரம். கீழே ஒரு பட்டை, மூலையில் தொடக்கப் பொத்தான், தனித்தனி ஜன்னல்களில் திறக்கும் ஆண்ட்ராய்ட் செயலிகள் என்று எல்லாம் வந்து நின்றன. மவுஸும் கீபோர்டும் எதுவும் கேட்காமல் வேலை செய்தன. வைஃபை உடனே பிடித்தது. பிறகு உலாவியைத் திறந்தேன். முதல் தளத்தில் பாதுகாப்பு எச்சரிக்கை. இரண்டாவதிலும் அதேதான். பழைய கணினியாயிற்றே, மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருக்கும் என்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். தேதி சரியாகத்தான் இருந்தது. காலாவதியாகியிருந்தது வேறொன்று.

கைப்பேசிக்காகப் பிறந்து, உருவாக்கியவர்களாலேயே கைவிடப்பட்ட இயங்குதளத்தை மேசைக் கணினியில் நிறுவலாமா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிலருக்குப் பரணில் கிடக்கும் கணினியை வீணாக்க மனம் வரவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தபின் அப்படிப்பட்ட கணினிகள் இன்னும் பெருகிவிட்டன. சிலருக்குக் கைப்பேசியில் மட்டுமே கிடைக்கும் ஒரு செயலி பெரிய திரையில் வேண்டும். மீதிப் பேருக்கு ஆசைதான் காரணம். பழைய ரேடியோவைப் பிரித்துப் பூட்டுகிறவரிடம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. இதுவும் அந்த ரகம்.

இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நிறுவ முடியுமா என்பது ஒன்று. நிறுவியதில் குடியிருக்க முடியுமா என்பது இன்னொன்று. வழிகாட்டிகள் எல்லாம் முதல் கேள்விக்கே பதில் சொல்கின்றன. பதில் பெரும்பாலும் 'முடியும்' என்பதுதான். இரண்டாவது கேள்விக்கான பதில் கணினியிலோ நிறுவுபவரின் திறமையிலோ இல்லை. இயங்குதளத்தின் எந்த அடுக்கு யார் கையில் இருந்தது, அந்தக் கை எப்போது விலகியது என்பதில் இருக்கிறது. ரீமிக்ஸ் ஓஎஸ்ஸை மையமாக வைத்து, அதன் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலரையும் சேர்த்து இதைப் பார்க்கலாம்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் ஆப்பைச் செயலி என்கிறோம். பிராசஸரையும் சிலர் செயலி என்றே எழுதுகிறார்கள். இங்கே செயலி என்றால் ஆப். மற்றதைச் சிப் என்றே சொல்லிவிடுகிறேன்.

கைப்பேசித் தளம் மேசைக்கு வருவது எதிர்நீச்சல் போலத் தோன்றும். ஒரு வகையில் அது தலைகீழ். மேசைக் கணினியின் மதர்போர்டை யார் செய்திருந்தாலும், பவர் பொத்தானை அழுத்தியதும் பயாஸோ யூஇஎஃப்ஐயோ விழித்து, டிஸ்க்கில் இருக்கும் பூட்லோடரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். பிசிஐ, யூஎஸ்பி வழியே மாட்டிய ஒவ்வொரு கருவியும் தான் யார் என்று தானே சொல்லும். கைப்பேசியில் அந்தப் பொது ஒழுங்கு கிடையாது. எந்த உறுப்பு எந்த முகவரியில் இருக்கிறது என்ற வரைபடத்தைக் கர்னலோடு சேர்த்தே எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால்தான் ஒரு மாடலுக்குச் செய்த ஆண்ட்ராய்ட், அதே நிறுவனத்தின் அடுத்த மாடலில்கூட ஏறாது. கணினிக்கென்று ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் அந்த ஒரே கோப்பு ஆயிரம் விதமான கணினிகளில் ஏறும்.

அந்த ஒருமுறை வேலையைச் செய்தது ஆண்ட்ராய்ட்-எக்ஸ்86 என்ற திட்டம். 2009-இல், ஆண்ட்ராய்டை இன்டெல் வகைச் சிப்பில் ஓட்டுவதற்கான ஒட்டுத் திருத்தங்களைச் சேர்த்துவைக்கும் இடமாகத் தொடங்கியது. தைவானைச் சேர்ந்த சீ-வெய் ஹுவாங் அதை ஆண்டுக்கணக்கில் தாங்கினார். தொடக்கத்தில் அவர்கள் முன்னே இருந்த கணினி அசுஸ் ஈபிசி. 2007-இல் ஏழு அங்குலத் திரையோடு வந்து, நெட்புக் என்ற புது இனத்தையே கிளப்பிவிட்ட சின்னஞ்சிறு மடிக்கணினி அது. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கர்னல் என்பதால் டிரைவர்களுக்குப் பஞ்சம் இல்லை. சிரமம் அதற்கு மேலே இருந்தது. ஆண்ட்ராய்ட் தன் திரையை வரையும் முறைக்கும் மேசை லினக்ஸின் மீசா கிராஃபிக்ஸ் நூலகத்துக்கும் இடையே பாலம் கட்ட வேண்டும். தொடுதிரையையே எதிர்பார்க்கும் தளத்துக்கு மவுஸ் அம்பைக் காட்ட வேண்டும். கைப்பேசியில் எதையெல்லாம் இருந்தே தீரும் என்று ஆண்ட்ராய்ட் நம்பியிருந்ததோ, பேட்டரி, சென்சார், சிம் என்று ஒவ்வொன்றும் மேசைக் கணினியில் இல்லாமல் இருக்கும். அந்த இல்லாமையைத் தளம் விழுந்துவிடாமல் சமாளிக்க வைக்க வேண்டும்.

இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் ரீமிக்ஸ் ஓஎஸ் எழும்பியது. கூகுளில் வேலை பார்த்த மூவர் 2014-இல் தொடங்கிய ஜிடே டெக்னாலஜி அதை உருவாக்கியது. முதலில் தங்கள் டேப்லெட்டுக்கும், 2015-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிச் செய்த ரீமிக்ஸ் மினி என்ற சிறு பெட்டிக்கும் என்று வைத்திருந்தார்கள். 2016 ஜனவரியில் ஆண்ட்ராய்ட்-எக்ஸ்86-உடன் கைகோத்து, எந்தக் கணினியிலும் போடக்கூடிய பதிப்பை இலவசமாக வெளியிட்டார்கள். செயலிகளை அளவு மாற்றக்கூடிய ஜன்னல்களில் திறப்பது, பணிப்பட்டை, ஆல்ட்-டேப், கோப்பு மேலாளர் என்று மேசைப் பழக்கங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஆண்ட்ராய்ட் 7.0 ஜன்னல் பிரிப்பை அதிகாரபூர்வமாகக் கொண்டுவருவதற்கு முந்தைய காலம் என்பதால் பலருக்கும் வியப்பு.

முதல் சில நாட்களிலேயே ஒரு சலசலப்பும் எழுந்தது. பென்டிரைவில் எழுதுவதற்கு ஜிடே கொடுத்த கருவி, யூநெட்பூட்டின் என்ற திறமூல மென்பொருளுக்குப் புதுச் சட்டை போட்டதுதான் என்றும், உரிமம் கேட்கும் மூலநிரலும் உரிமக் கோப்பும் கூட வரவில்லை என்றும் பயனர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நிறுவனம் பிறகு சரிசெய்தது. ஆனாலும் அந்தச் சின்னத் தகராறில் பின்னால் நடக்கப்போவதன் சாயல் இருந்தது என்றே நினைக்கிறேன். அடியில் இருந்த கர்னலும் ஆண்ட்ராய்டும் ஊர்ப் பொதுச் சொத்து. மேலே இருந்த ஜன்னல் அடுக்கு, அதாவது ரீமிக்ஸை ரீமிக்ஸாக்கிய பகுதி, தனிச் சொத்து.

2017 ஜூலை 17 அன்று ஜிடே அறிவித்தது: இனி நிறுவனங்களுக்கான வேலை மட்டுமே, சாமானியப் பயனர்களுக்கான ரீமிக்ஸ் ஓஎஸ் மேம்பாடு நிற்கிறது. கிக்ஸ்டார்ட்டரில் அடுத்த பெட்டிக்குப் பணம் போட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னது. ஒன்றரை ஆண்டு வாழ்வு. அந்த ஆண்டே அப்படிப்பட்ட ஆண்டுதான். ஏப்ரல் 5-ஆம் தேதி மார்க் ஷட்டில்வர்த், கைப்பேசிக்கும் மேசைக்கும் ஒரே முகம் என்று உபுண்டு கட்டிவந்த யூனிட்டி 8-ஐக் கைவிட்டார். அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன் கைப்பேசி விண்டோஸுக்கு இனிப் புதிதாக எதுவும் சேர்க்கப்போவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஒரே தளம் இரண்டு இடத்திலும் வாழும் என்ற கனவைக் கண்ட மூவரும் ஒரே ஆண்டில் கண்விழித்துவிட்டார்கள்.

இனி நிறுவும் வேலை. உருவாக்கியவரின் தளத்தில் கோப்பு இருக்காது. பிரதிகளைத்தான் தேட வேண்டும். கிடைத்த ஐஎஸ்ஓ கோப்பு அசல்தானா என்று ஹேஷ் எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடச் சொல்வார்கள். எதனோடு ஒப்பிடுவது? அசல் ஹேஷ் இருந்த பக்கமே போய்விட்டது. கோப்பைக் கொடுத்த அதே இடம் தரும் ஹேஷ், திருடனிடமே சாவியைச் சரிபார்க்கச் சொல்வதற்குச் சமம். அந்தக் காலத்துப் பக்கத்தின் சேமிப்புப் பிரதியிலோ, தொடர்பில்லாத இரண்டு மூன்று இடங்களிலோ ஒரே எண் இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இதைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பென்டிரைவில் எழுத ரூஃபஸ் போன்ற கருவி போதும். பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்து, பென்டிரைவிலிருந்து பூட் செய்தால், நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் வழி பட்டியலில் தெரியும். முதலில் ஓட்டிப் பார்ப்பதே புத்திசாலித்தனம். திரை கறுப்பாகவே நின்றால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான் காரணம். பூட் வரியில் நோமோட்செட் என்று சேர்த்தால் படம் வரும். ஆனால் வன்பொருள் முடுக்கம் இல்லாததால் எல்லாம் ஆமை வேகத்தில் நகரும். மதர்போர்டோடு வரும் இன்டெல் கிராஃபிக்ஸ்தான் இதற்கு நல்ல துணை. என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கு நான் தைரியம் சொல்ல மாட்டேன்.

நிறுவும்போது ஆண்ட்ராய்ட்-எக்ஸ்86 குடும்பத்துக்கே உரிய ஓர் அழகு தெரியும். அது தனக்கென்று முழு டிஸ்க்கையோ தனிப் பார்ட்டிஷனையோ கேட்டே தீர்வதில்லை. இருக்கிற பார்ட்டிஷனில் ஒரு கோப்புறை. அதற்குள் கர்னல், தொடக்கத்துக்கான ராம்டிஸ்க், முழு இயங்குதளமும் அடங்கிய ஓர் உருவக் கோப்பு, பயனரின் தரவுக்கு ஓர் இடம். அவ்வளவுதான். பென்டிரைவ் ஃபாட்32-இல் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் தரவுக்கான இடமும் அங்கேயே முட்டி நிற்கும். நிறையச் செயலிகள் போடுகிறவர்கள் டிஸ்க்கில் இஎக்ஸ்டி4 வடிவில் ஒரு பார்ட்டிஷன் கொடுத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் பார்ட்டிஷனை வெட்டுவதற்குமுன் முக்கியக் கோப்புகளைப் பிரதி எடுங்கள் என்று சொன்னால், எல்லோரும் சொல்வதுதானே என்று தாண்டிப் போவீர்கள். நானும் ஒருமுறை தாண்டிப் போனேன்.

அடுத்தது சிப். பெரும்பாலான ஆண்ட்ராய்ட் கைப்பேசிகள் ஆர்ம் வகைச் சிப்பில் ஓடுபவை; மேசைக் கணினியின் மொழி வேறு. ஜாவாவில் மட்டும் எழுதிய செயலிகளுக்கு இதனால் பாதிப்பு இல்லை. ஆர்ம் நிரலைத் தன்னுள் வைத்திருக்கும் விளையாட்டுகளுக்கும் வேறு பல செயலிகளுக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இன்டெல் அப்படி ஒன்றைச் செய்தது, பெயர் ஹூடினி. இந்த மொழிபெயர்ப்பு இல்லாமல் இன்டெல் சிப் உள்ள கைப்பேசிகள் சந்தையில் நின்றிருக்கவே முடியாது. அந்த வரிசையின் முதல் கைப்பேசி வெளிவந்தது இந்தியாவில்தான்: 2012 ஏப்ரலில் லாவா நிறுவனத்தின் சோலோ எக்ஸ்900. நான்கே ஆண்டுகளில், 2016 ஏப்ரல் இறுதியில், கைப்பேசிக்கான ஆட்டம் சிப் வரிசையை இன்டெல் நிறுத்திக்கொண்டது. கைப்பேசிக்காகச் செய்த மொழிபெயர்ப்பாளர் கைப்பேசியில் வேலையிழந்து, மேசையில் ஆண்ட்ராய்ட் ஓட்டுபவர்களுக்குச் சோறு போட்டதுதான் வேடிக்கை.

ஆனால் ஹூடினி திறமூலம் அல்ல. எனவே ஆண்ட்ராய்ட்-எக்ஸ்86 அதை ஐஎஸ்ஓவுக்குள் வைத்துத் தர முடியவில்லை. அமைப்புகளில் போய் இயக்கினால் அப்போது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். இறக்கும் முகவரி உயிரோடு இருக்கும்வரை இது வசதி. போன பிறகு, நிறுவல் வெற்றி என்று திரையில் வந்தாலும் பாதிச் செயலிகள் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். நிறுவுபவர் தன் கணினியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்.

எல்லாம் கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அன்றாடம் எப்படி இருக்கிறது? நெட்டுக்குத்தாக மட்டுமே ஓடும் செயலியை முழுத்திரையில் திறந்தால் ஆண்ட்ராய்ட் பணிவோடு திரையையே தொண்ணூறு பாகை திருப்பிவிடும். கைப்பேசி என்றால் கையைத் திருப்பலாம். இருபது அங்குல மானிட்டரின் முன் கழுத்தைத்தான் திருப்ப வேண்டும். வலது கிளிக் பல இடங்களில் பட்டியலைத் திறக்காமல் பின்னோக்கிப் போகும். எழுதிக்கொண்டிருந்த மடல் அப்படியே மூடும். ரீமிக்ஸின் ஜன்னல் அடுக்கு இவற்றில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவைத்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழில் தட்டச்சு செய்வதை அதுவும் தீர்க்கவில்லை. திரைக் கீபோர்டில் தமிழ் உண்டு. மவுஸால் ஒவ்வோர் எழுத்தாகக் கொத்தலாம். கையில் உள்ள நிஜக் கீபோர்டுக்கான தளவமைப்புப் பட்டியலில் தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. ஆண்ட்ராய்டைப் பொறுத்தவரை தமிழ் என்பது விரலால் தொடும் மொழி.

இவை தொல்லைகள், பழகிவிடலாம். குடியிருக்க விடாதவை வேறு.

முதலாவது, நான் பார்த்த அந்த எச்சரிக்கை. பாதுகாப்பான இணைப்பு என்று ஒரு தளத்தை ஏற்பதற்குமுன், அதன் சான்றிதழில் கையெழுத்திட்டவர் தன்னிடம் உள்ள பட்டியலில் இருக்கிறாரா என்று இயங்குதளம் பார்க்கும். இணையத்தில் பெரும் எண்ணிக்கையிலான தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் தருவது லெட்ஸ் என்கிரிப்ட். அதன் சொந்த மூலச்சான்று ஆண்ட்ராய்டின் பட்டியலில் ஏறியது 7.1.1 பதிப்பில். அதற்கு முந்தைய கைப்பேசிகளுக்காக வேறொரு பழைய நிறுவனத்தின் கையெழுத்தைக் கடன் வாங்கிவந்தார்கள். அந்தப் பழைய சான்று 2021 செப்டம்பர் 30-இல் முடிந்தபோது, தனி ஏற்பாடு ஒன்றைச் செய்து மேலும் மூன்று ஆண்டுகள் இழுத்தார்கள். 2024 செப்டம்பரோடு அதுவும் முடிந்தது. கணினிகளுக்கான ரீமிக்ஸ் ஓஎஸ் நின்றது ஆண்ட்ராய்ட் 6.0-இல். ஆக, அந்தத் தளத்துக்கு ஒன்றுமே ஆகாமல், ஒரு வரிகூட மாறாமல், வெளியே நாட்காட்டி புரண்டதாலேயே இணையத்தின் பெரும்பகுதி அதற்கு மூடிக்கொண்டது. சான்றிதழ்ப் பட்டியலைத் தன்னோடு சுமந்துவரும் ஃபயர்ஃபாக்ஸின் பழைய பதிப்பு ஒன்றைப் போட்டால் கதவு ஓரளவு திறக்கும். உலாவிக்கு மட்டும்தான், மற்றச் செயலிகள் தளத்தின் பட்டியலையே நம்பியிருப்பவை.

இரண்டாவது, பாதுகாப்பு. 2017 ஜூலையில் ரீமிக்ஸ் நின்றது. செப்டம்பரில் ப்ளூபோர்ன் என்ற புளூடூத் ஓட்டைகள் வெளியாயின. அக்டோபர் 16 அன்று கிராக் வெளியானது: வைஃபையின் டபிள்யூபிஏ2 பூட்டைக் குடைவது, அதன் மிக மோசமான வடிவம் ஆண்ட்ராய்ட் 6.0-ஐயும் அதற்குப் பிந்தையவற்றையும் தாக்கியது. சாவியையே முழுக்கப் பூஜ்யங்களாக மாற்றிவைக்கச் செய்துவிடும். கைவிடப்பட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. திருத்தம் தர யாரும் இல்லை. இன்று ஒருவர் அதை நிறுவினால் 2017 அக்டோபருக்கு முந்தைய வைஃபை நிரலை நிறுவுகிறார். பக்கத்து வீட்டில் யார் என் கணினியைக் குடையப்போகிறார்கள் என்று கேட்கலாம். யாரும் குடையாமலும் இருக்கலாம். அதில் ஜிமெயில் கணக்கைத் திறந்துவைப்பீர்களா என்பதுதான் என் எதிர்க்கேள்வி.

மூன்றாவது, கூகுள். ஆண்ட்ராய்ட் திறமூலம், பிளே ஸ்டோரும் பிளே சேவைகளும் அப்படி அல்ல. 2018 மார்ச் முதல், கூகுளின் சான்று பெறாத கருவிகளில் அச்சேவைகளில் உள்நுழைய முடியாதபடி கூகுள் தடுக்கத் தொடங்கியது. தனிப்பயனர்கள் தங்கள் கருவியின் எண்ணைக் கூகுளிடம் பதிந்து அனுமதி பெறும் வழி ஒன்றை மட்டும் திறந்துவைத்தது. அதைச் செய்தாலும் செயலிகள் ஒவ்வொன்றும் குறைந்தபட்சப் பதிப்பை உயர்த்திக்கொண்டே போகின்றன. வங்கிச் செயலிகள் கருவி நம்பத்தக்கதா என்று கூகுளிடம் கேட்டு, இல்லை என்ற பதிலோடு மூடிக்கொள்கின்றன. யூபிஐ செயலிகளைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். மேசைக் கணினியில் சிம்முக்கு எங்கே போவது?

சரி, இது ஆண்ட்ராய்டுக்கு மட்டும் உரிய விதியா? பக்கத்து வீடுகளை எட்டிப் பார்க்கலாம்.

பாம் நிறுவனத்தை 2010-இல் 120 கோடி டாலருக்கு வாங்கிய எச்பி, அதன் வெப்ஓஎஸ்ஸைத் தன் கணினிகள் எல்லாவற்றிலும் விண்டோஸோடு சேர்த்துத் தரப்போவதாக 2011 மார்ச்சில் சொன்னது. ஜூலை 1-இல் டச்பேட் டேப்லெட் வந்தது. ஆகஸ்ட் 18-இல், நாற்பத்தொன்பதாம் நாள், எல்லாவற்றையும் நிறுத்தியது. மேசைத் திட்டம் பேச்சோடு போயிற்று. ஆனால் போகிற போக்கில் எச்பி ஒரு நல்ல காரியம் செய்தது: மூலநிரலைத் திறந்துவிட்டது. 2012-இல் வந்த ஓப்பன் வெப்ஓஎஸ்ஸில் உபுண்டு மேசைக் கணினியிலேயே கட்டி ஓட்டும் வழி இருந்தது. ஆர்வலர்கள் அதிலிருந்து லூன்ஓஎஸ்ஸை வளர்த்தார்கள். எல்ஜி வெப்ஓஎஸ்ஸை வாங்கித் தொலைக்காட்சிகளில் போட்டது. வரவேற்பறையில் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு, தாங்கள் ரிமோட்டால் ஓட்டுவது ஒரு கைப்பேசித் தளத்தின் மறுபிறவி என்று தெரியாது. அதே வேளையில், எச்பியின் கணக்குச் சேவையும் செயலிக் கடையும் 2015 ஜனவரியில் மூடப்பட்டபோது, கையில் இருந்த அசல் கருவிகள்கூட, அழித்துப் புதிதாகத் தொடங்கினால் முதல் திரையிலேயே சிக்கிக்கொண்டன. கணக்கைச் சரிபார்க்க மறுமுனையில் யாரும் இல்லை. அதைத் தாண்டிப்போகும் தந்திரத்தையும் ஆர்வலர்கள்தான் கண்டுபிடித்தார்கள். நிரல் பிழைத்தது, சேவை செத்தது. இரண்டும் ஒரே தளத்தில், ஒரே நிறுவனத்தின் கையால்.

உபுண்டுவின் யூனிட்டி 8 இன்னும் நல்லபடியாகப் பிழைத்தது. முழுவதும் திறமூலம் என்பதால் யூபிபோர்ட்ஸ் குழு எடுத்துக்கொண்டு லோமிரி என்று பெயர் மாற்றியது. இன்று அது டெபியன் தொகுப்புகளில் இருக்கிறது. தற்கால லினக்ஸ் கர்னல், தற்காலச் சான்றிதழ்ப் பட்டியல், அதன் மேல் கைவிடப்பட்ட கைப்பேசி முகம் என்று மேசைக் கணினியில் நிறுவலாம். என் முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் 'ஆம்' என்று பதில் வரும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. செயலிகள் குறைவு என்ற குறை அதற்குப் பிறந்த நாளிலிருந்தே உண்டு.

மோசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் 2015 டிசம்பரில் கைப்பேசியை விட்டது. அதன் நிரலிலிருந்து கிளைத்த காய்ஓஎஸ் 2017-இல் ஜியோஃபோனுக்குள் புகுந்து நம் ஊர்ப் பெட்டிக்கடைவரை வந்தது. அதன் செயலிகள் வலைப்பக்கங்களே என்பதால் மேசையில் ஓட்டிப் பார்ப்பது எப்போதும் எளிதாகவே இருந்தது. அதனாலேயே யாருக்கும் அதில் பெரிய ஆர்வம் இல்லை. இன்டெலும் நோக்கியாவும் 2010-இல் சேர்த்துப் பிசைந்த மீகோவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெட்புக்குகளுக்கென்றே தனி முகம் வைத்திருந்தது, 2011-இல் கைவிடப்பட்டது, கைப்பேசியில் அதன் வழித்தோன்றலாகச் செயில்ஃபிஷ் இருக்கிறது.

சின்ன நிறுவனங்கள்தான் கைவிடும் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று: 2021-இல் விண்டோஸ் 11-உடன் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ஆண்ட்ராய்ட் துணைத்தளம், ஆர்ம் செயலிகளுக்கு இன்டெலின் மொழிபெயர்ப்பு நுட்பத்தையே நம்பி ஓடியது, 2025 மார்ச் 5-ஓடு ஆதரவை இழந்தது. சீனாவின் ஃபீனிக்ஸ் ஓஎஸ்ஸும் ஓய்ந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் தாயான ஆண்ட்ராய்ட்-எக்ஸ்86-இலிருந்தும், 2020-இல் 9.0 ஆர்2 வந்த பிறகு, அதைவிடப் புதிய ஆண்ட்ராய்டுக்கு நிலையான வெளியீடு இல்லை. ஆனால் தாயின் நிரல் திறந்திருந்ததால் ப்ளிஸ் ஓஎஸ் அதை எடுத்துப் புதிய ஆண்ட்ராய்ட் பதிப்புகளுக்குக் கொண்டுபோயிருக்கிறது. ரீமிக்ஸின் ஜன்னல் அடுக்கை அப்படி எடுக்க யாராலும் முடியவில்லை; டாஸ்க்பார் என்ற சிறு திறமூலச் செயலியாக அதன் சாயலைப் புதிதாக எழுதித்தான் அந்த இடத்தை நிரப்பினார்கள். உண்மையில் ரீமிக்ஸில் ஆசைப்பட்டவை எல்லாம், ரீமிக்ஸ் இல்லாமல், இன்று கிடைக்கின்றன. லினக்ஸ் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு வேடிராய்ட் இருக்கிறது. ஆண்ட்ராய்டை அதே கர்னலின் மேல் ஒரு தனியறையில் குடிவைத்து, செயலிகளை லினக்ஸ் ஜன்னல்களாகத் திறக்கும்.

அப்படியானால் ரீமிக்ஸை யாருமே நிறுவக் கூடாதா? பழைய கணினிக்கு உயிரூட்ட என்று கேட்பவரிடம், வேண்டாம், எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள் என்பேன். தமிழ்நாட்டில் 2011-இலிருந்து மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகள் பலவும் இன்று அந்த நிலைமையில்தான் இருக்கின்றன. அவற்றுக்கும் இதுவே பதில். செயலி வேண்டும் என்பவருக்கு ப்ளிஸ் ஓஎஸ்ஸோ வேடிராய்டோ. அந்தத் தளத்தையே பார்க்க வேண்டும், 2016-இல் மேசைக் கணினியை எப்படிக் கனவு கண்டார்கள் என்று தொட்டுப் பார்க்க வேண்டும் என்பவர் தாராளமாக நிறுவலாம். விர்ச்சுவல்பாக்ஸிலோ க்யூஎம்யூவிலோ நிறுவினால் டிஸ்க்குக்கு ஆபத்து இல்லை. கிராஃபிக்ஸ் வேகம் மட்டும் ஏமாற்றும். நிஜக் கணினியில் என்றால், கணக்கு எதையும் திறக்காமல், செயலிகளை ஏபிகே கோப்புகளாகப் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டு, வைஃபையை அணைத்துவிட்டு ஓட்டலாம். சர்வரைத் தேடாத செயலிகள், அதாவது ஒரு சதுரங்கம், ஓர் அகராதி, ஒரு மின்னூல் வாசிப்பான், அதில் அன்று போலவே இன்றும் ஓடுகின்றன.

என் கணினியில் அதை நீக்குவது எளிது. ஒரு கோப்புறையை அழித்து, பூட் பட்டியலில் ஒரு வரியை எடுத்துவிட்டால் சுவடே இருக்காது. இரண்டு தடவை அழிக்க உட்கார்ந்தேன். இரண்டு தடவையும், கடைசியாக ஒருமுறை என்று பூட் செய்து, அந்தச் சதுரங்கத்தில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.